மூணு ராத்திரி ஆஜர்

ராத்திரி ரெண்டு மணி. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு வண்டிப் பாதை. இந்தப் பக்கம் தோல் பதனிடற ஷாப்போட மதில். அந்தப் பக்கம் கானாறு. நடுவுல ஒரே ஒரு ஆளு. கையில லாந்தர், கக்கத்துல லத்தி, ஜோபியில பீட்டுப் புஸ்தகம்... நம்மள மாதிரி ஒரு கானிஸ்டேபிள்.

கலீமுல்லா, விளக்கைச் சின்னதாக்குடா. அணைச்சுடாதே. சின்னதாக்கு, போதும். ஏட்டு சுத்தி வந்தாருன்னா நாளைக்குக் காலைல எல்லாரும் மைதானத்தை நாலு தடவை ஓடணும்.

இன்னைக்குச் சாயங்காலம் பாடத்துல ஏட்டு இன்னா சொன்னாரு? கேடி வீட்டுக்கு ராத்திரி பார்வை போனா, வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடு. வெளியே வரச் சொல்லு. லாந்தரைத் தூக்கு. முகத்தைப் பாரு. அப்பால நேரத்தை எழுது, 'ஆஜர்'னு எழுது. குரல் கேட்டா போதாது, முகம் பார்க்கணும்... அதானே? அறுபது பேரும் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னோம். நம்ம சுப்பராயன் மட்டும் எழுந்து, குரலும் முகமும் ஒரே ஆளோடதுதானே ஐயான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சீங்க. நான் சிரிக்கல. பார்த்தியா சுப்பராயா? நான் சிரிக்கல.

ஏன்னா எனக்கு தேவசகாயத்தைத் தெரியும்.

ஆம்பூர் ஆரோக்கியசாமின்னு எனக்கு ஒரு தோஸ்த். அவனோட சித்தப்பா இந்த தேவசகாயம். உப்புக் கலாட்டாவுக்கு ரொம்ப முன்னாடி, இதே வேலூர்ல ரெக்ரூட்டா வந்து ஆறு மாசம் கத்துக்கிட்டுப் போனவரு. பாடத்துல முதல் ஆளாம். எந்தக் கேள்வி கேட்டாலும் மூச்சு விடாம ஒப்பிப்பாராம். இருக்காதா பின்னே? அவங்க அப்பாரு ஆம்பூர்ல தோல் ஷாப்புச் சுண்ணாம்புக் குழியில இறங்கற ஆளு. முழங்கால் வரைக்கும் வெந்து தோல் உரிஞ்சிருக்கும். பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சு, தப்பிச்சு, காக்கி மாட்டின முதல் ஆளு அந்த வீட்டுல இவருதான். இந்த வேலை போனா திரும்பி எங்கே போவணும்னு அவருக்குத் தெரியும். அதே குழிக்குத்தான்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஸ்டேஷன்ல போட்டாங்க. எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க, நாம எல்லாரும் நாளைக்கு எங்கே போகப் போறோமோ தெரியாது. அவரோட ராத்திரி பீட்டுல பதினோரு கேடிங்க. பத்து பேரு ஒரு மாதிரி... கோழி கொடுப்பானுங்க, கள்ளு கொடுப்பானுங்க, இன்னைக்கு வரவேணாம் ஐயா, வந்த மாதிரி எழுதிக்கோங்கன்னு சொல்லுவானுங்க. பதினோராவது ஆளுதான் வேறே மாதிரி. அவன் பேரு வேலு.

வேலு தோல் ஷாப்புல சுண்ணாம்புக் குழி வேலைக்காரன். பச்சைத் தோலை முடி விடறதுக்கு ஊறப் போடறாங்களே, அந்தக் குழி. ஒரு தடவை ஷாப்புல ஏதோ தோலு காணாமப் போச்சு. எடுத்தவன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல. தெரியலேன்னா கேடிப் புஸ்தகத்துல யாரையாவது எழுதணும் இல்லியா? வேலு கறுப்பு, வேலு ஏழை, வேலு அன்னைக்கு வேலைக்கு இருந்தான். எழுதிட்டாங்க. அன்னையிலேருந்து பொழுது சாஞ்சா ஊரை விட்டுப் போகக் கூடாது. எங்கே திருட்டுப் போனாலும் முதல்ல இவனைத்தான் இழுத்துட்டு வந்து அடிப்பாங்க.

மூணு வருஷம் ஒரு ராத்திரிகூடத் தவறாம ஆஜர் விழுந்தா பேரை எடுத்துடுவோம்னு அந்த ஸ்டேஷன்ல ஒரு பேச்சு உண்டு. அதை நம்பினவன் அந்தப் பதினோரு பேருல வேலு ஒருத்தன்தான். பேரு போனதும் பொண்டாட்டி செண்பகத்தோட ஆற்காட்டுக்குப் போயிடணும். அங்கே அவளோட தம்பி குத்தகைக்கு நெலம் வெச்சிருக்கான். குழி வேணாம், ஷாப்பு வேணாம், போலீஸு வேணாம். அவ்ளோதான் அவன் ஆசை. அதனால, உலகத்துலயே போலீஸு வர்றதுக்காகக் காத்துக்கிட்டிருந்த ஒரே கேடி அவன்தான்.

"ஐயா, தவறாம வாங்க ஐயா. மழை வந்தாலும் வாங்க. நீங்க வராமப் போய்ட்டா என் பேருக்கு நேரா காலியா இருக்கும்."

இதைக் கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லுவானாம். செண்பகம் உள்ளே சுவத்துல ராத்திரிக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி வெப்பா. எண்ணிக்கை அவகிட்ட சரியா இருக்கும். ஸ்டேஷன் ரைட்டருகிட்டகூட அவ்வளவு சரியா இருக்காது.

வேலு குடிசை கானாத்துக்கு அந்தாண்ட. மொதல்ல அஞ்சாறு மாசம் தேவசகாயம் சொல்லிக் கொடுத்தபடியே செஞ்சாரு. கானாத்துல இறங்கி, ஏறி, வாசல்ல நின்னு, கூப்பிட்டு, லாந்தரைத் தூக்கி, முகத்தைப் பார்த்து... எல்லாம் சட்டப்படி. அப்பால மழைக் காலம் வந்துச்சு. கானாத்துல தண்ணி. காலுல சுத்தற பட்டி நனைஞ்சா காய ரெண்டு நாளு ஆவும். இந்தப் பக்கம் மதில் ஓரம் நின்னே கூப்பிட ஆரம்பிச்சாரு. நாப்பது அடி இருக்குமா? நல்லாவே கேக்கும்.

"வேலு!"

"இருக்கேன் ஐயா."

அவ்ளோதான். எழுதிட்டுப் போயிட வேண்டியதுதான். அவன் எங்கே போகப் போறான்? போலீஸு வரலேன்னா பயப்படற ஆளு. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். நீங்களும்தான்... சும்மா நல்ல பிள்ளை மாதிரி பார்க்காதீங்க.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி.

தூறல். ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன. மதில் ஓரமா வந்து நின்னாரு. குடிசையில விளக்கு இல்லே. கூப்பிட்டாரு. வழக்கமா கூப்பிட்ட உடனே பதில் வரும். அன்னைக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு. தவளை கத்தறது நின்னுச்சு... சட்டுனு நின்னுச்சு. அப்பால, குடிசைப் பக்கத்துலேருந்து,

"இருக்கேன் ஐயா."

குரல்ல கரகரப்பு ஜாஸ்தி. சளி பிடிச்சிருக்கு போலன்னு நெனச்சாரு. எழுதினாரு. வியாழன், ரெண்டு மணி, ஆஜர்.

வெள்ளிக்கிழமை. தோல் ஷாப்பு லீவு, உங்களுக்குத் தெரியும். மதிலுக்கு உள்ளே சத்தமே இல்லே. கூப்பிட்டாரு. பதில் வந்துச்சு... ஆனா குடிசையிலேருந்து வரல. கானாத்துக்கு நடுவுலேருந்து வந்துச்சு. இன்னொரு சத்தமும் கூட வந்துச்சு. சொத்... சொத்... சொத்துன்னு. ஊறின தோலைத் தூக்கிப் பிடிச்சா சொட்டுமே, அந்தச் சத்தம். ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்குல ஏறுச்சு. ஷாப்பு மதில் பக்கத்துலதானே இருக்கு, வாசனை வராம இன்னா பண்ணும்? ஒண்ணுக்கு இருக்க கானாத்துல இறங்கியிருப்பான்னு நெனச்சுக்கிட்டாரு. வெள்ளி, ஆஜர்.

சனிக்கிழமை.

அன்னைக்கு அவரு கூப்பிடறதுக்கு வாயைத் திறந்தாரு... பேரைச் சொல்லி முடிக்கல. "வே..."ன்னதும் பதில் வந்துடுச்சு. பக்கத்துலேருந்து. இடது பக்கம், தோள் மேலே கை வெச்சா வெக்கிற தூரம்.

"இருக்கேன் ஐயா."

லாந்தர் இடது கையில இருக்கு. முழங்கால் உயரத்துல இருக்கு. அந்த வெளிச்சத்துல ரெண்டு பாதம் தெரியுது. வெள்ளையா... சுண்ணாம்பு காஞ்சா பொருக்கு விடுமே, அந்த மாதிரி வெள்ளை. லாந்தரை ஒரு சாண் தூக்கினா முகம் தெரியும். ஒரு சாண். சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆறு மாசம் ஒப்பிச்சிருக்காரு.

தூக்கல.

ஏன் சித்தப்பா தூக்கலேன்னு ஆரோக்கியசாமி கேட்டிருக்கான். "தூக்கினா பார்த்தாகணும்டா"ன்னாராம். அவ்ளோதான் சொன்னாரு. குனிஞ்ச தலை நிமிராம புஸ்தகத்தை எடுத்து, சனி, ஆஜர்னு எழுதிட்டு நடந்துட்டாரு. ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் பார்க்கல.

ஞாயித்துக்கிழமை காலைல ஷாப்புல குழியைக் காலி பண்ணாங்க. ஜான் பாஷான்னு ஒருத்தன், வேலுகூட வேலை செய்யறவன், இடுக்கி போட்டுத் தோலை ஒண்ணொண்ணா இழுத்து மேலே போட்டுக்கிட்டு இருந்தான். நாலாவதோ அஞ்சாவதோ கனமா வந்துச்சு. ரெண்டு தோலு சேர்ந்து வருதுன்னு நெனச்சு இழுத்திருக்கான்... தோலு இல்லே. வேலு.

ஸ்டேஷன்லேருந்து சப்இன்ஸ்பெக்டர் வந்தாரு. ஊருல அஞ்சு பேரைப் பஞ்சாயத்தா உக்கார வெச்சு, பொணத்தை நடுவுல போட்டு விசாரணை. இப்போ கவனமாக் கேளுங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். வேலு எப்போ செத்தான்?

வியாழக்கிழமை சாயங்காலம் வேலையில செத்திருந்தா, ஷாப்பு மேல தப்பு. குழிக்கு மேலே நின்னு வேலை செய்யற பலகை உளுத்துப் போயிருக்குன்னு வேலு முந்தியே சொல்லியிருக்கான். அந்தப் பலகை இப்போ ரெண்டா உடைஞ்சு கிடக்கு. ஆனா மேஸ்திரி இன்னா சொல்றான்? வியாழக்கிழமை வேலையை முடிச்சு எல்லாரும் வீட்டுக்குப் போய்ட்டாங்க. வேலுவும் போய்ட்டான். இவன் பழைய கேடி. சனிக்கிழமை ராத்திரி மதில் ஏறிக் குதிச்சுத் தோலு திருட வந்திருக்கான், இருட்டுல விழுந்திருக்கான்.

ஜான் பாஷா சும்மா இருக்கல. பொணத்துகிட்ட குனிஞ்சு தலை முடியை ரெண்டு விரலால பிடிச்சான். இழுக்கவே இல்லே... கையோட வந்துடுச்சு.

"ஒரு ராத்திரியில முடி விடாது எஜமான். இது மூணு நாளு ஊறினது. இது வியாழக்கிழமைச் சரக்கு."

சரக்குன்னு சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டான். அவன் மேலே தப்பு இல்லே, பேசிப் பேசிப் பழக்கம். அங்கே நின்ன தோல்காரன் ஒவ்வொருத்தனுக்கும் அவன் சொன்னது நெஜம்னு தெரியும். முடி எத்தினி நாளுல விடும்னு பொறந்த கொழந்தைக்கும் தெரிஞ்ச ஊரு அது. தேவசகாயத்துக்குத் தெரியாதா? தோல்காரன் வீட்டுல பொறந்தவரு. பார்த்த உடனே தெரிஞ்சுடுச்சு.

செண்பகத்தைக் கேட்டாங்க.

"வியாழக்கிழமை வேலைக்குப் போனவரு வீட்டுக்கே வரல எஜமான்."

"வரலேன்னா ஏன் ஸ்டேஷன்ல வந்து சொல்லல?"

"சொன்னா புஸ்தகத்துல இல்லேன்னு விழும். மூணு வருஷம் வீணாப் போயிடும். எங்கேயோ போயிருக்காரு, விடியறதுக்குள்ள வந்துடுவாருன்னு பார்த்தேன். சனிக்கிழமை மேஸ்திரியை ரகசியமாக் கேட்டேன். எங்கேயாவது குடிச்சுட்டுக் கிடப்பான், போன்னாரு."

"ராத்திரி கானிஸ்டேபிள் கூப்பிட்டப்ப பதில் சொன்னது யாரு? நீயா?"

"யாரும் சொல்லல எஜமான். மூணு ராத்திரியும் இவரு வந்து கூப்பிட்டாரு. நான் இருட்டுல வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பதில் வரலியே, இன்னைக்கு மாட்டிக்கிட்டோம்னு பயந்தேன். இவரு கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பால தலையை ஆட்டிட்டு, எழுதிட்டுப் போய்ட்டாரு. மனசு இரங்கித்தான் விட்டுட்டுப் போறாருன்னு நெனச்சேன்... கையெடுத்துக் கும்பிட்டேன்."

சப்இன்ஸ்பெக்டர் பீட்டுப் புஸ்தகத்தைத் திருப்பினாரு. வியாழன் ஆஜர். வெள்ளி ஆஜர். சனி ஆஜர். மூணும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து.

"தேவசகாயம். முகம் பார்த்தியா?"

எல்லாரும் அவரைப் பார்க்கறாங்க. செண்பகம் பார்க்கறா. ஜான் பாஷா கையில இன்னும் அந்த முடி இருக்கு. இல்லே எஜமான், குரல்தான் கேட்டேன், முகம் பார்க்கலேன்னு ஒரு வார்த்தை. சொன்னா வேலை போவும். காக்கியைக் கழட்டிட்டு அப்பாரு பக்கத்துல குழியில இறங்கணும். அந்தக் குழியைப் பார்த்தாரு. அது அங்கேயே எதிருல இருக்கு, தண்ணி மேலே வெள்ளையா ஏடு கட்டிக்கிட்டு.

"பார்த்தேன் எஜமான்"னாரு.

முடிஞ்சு போச்சு. சர்க்கார் புஸ்தகம் சொல்லுது சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு ஆளு உயிரோட வீட்டுல இருந்தான்னு. அப்பாலதான் திருட வந்திருக்கான். ஜான் பாஷாவோட முடிக்கணக்கை எவன் கேப்பான்? 'திருட வந்த இடத்தில் விழுந்து இறந்தான்.' அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. மூணு பேரு கைநாட்டு. செத்தவனைத் திரும்பவும் ஒரு தடவை கொன்னாங்க, அதுவும் அவனோட சொந்த ஆஜரை வெச்சே.

பொணத்தைத் தூக்க நாலு பேரு வரல. ஜான் பாஷாவும் அவன் அண்ணன் தம்பிங்களும்தான் தூக்கிட்டுப் போனாங்களாம்.

மூணாம் நாள் சாயங்காலம் செண்பகம் ஸ்டேஷனுக்கு வெளியே வந்து நின்னா. தேவசகாயம் பீட்டுக்குக் கிளம்பி வெளியே வந்தாரு. திட்டுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சாரு. அப்படி ஏதாவது செஞ்சிருந்தா தேவலைன்னு அப்பாலதான் தோணுச்சாம். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"ஐயா... நெஜமாவே பதில் சொன்னாரா?"

இவரால பொய் சொல்ல முடியல. "சொன்னாரும்மா"ன்னாரு.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே. வாங்க ஐயா. ஒரு தடவை வந்து கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டாத்தான் வருவாரு போல."

போனாரு. ஏன் போனாருன்னு கேக்காதீங்க. கானாத்துல இறங்கினாரு, பட்டி நனைஞ்சுது. குடிசை வாசல்ல ரெண்டு பேரும் நிக்கறாங்க. விளக்கு வெக்கிற நேரம்தான், ராத்திரிகூட ஆகல. மேற்கால இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு. அவரு கூப்பிட்டாரு.

"வேலு!"

சொத்... சொத்...

"இருக்கேன் ஐயா."

தேவசகாயம் கண்ணை மூடிக்கிட்டாரு. அவ அவரு மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா.

"சொன்னாரா?"

"ம்."

"எங்கேருந்து?"

கையைக் காட்டினாரு. அவளுக்கும் அவருக்கும் நடுவுல.

அவ அந்த இடத்தைப் பார்த்தா. ஒண்ணும் இல்லே. கையை நீட்டித் தடவிப் பார்த்தா. ஒண்ணும் இல்லே. அப்பால ஆரம்பிச்சா பாரு... அந்த வெறும் இடத்தைப் பார்த்து. "மூணு ராத்திரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா உனக்கு? போலீஸ்காரன் கூப்பிட்டா மட்டும் வருதா? செத்தும் இவனுங்களுக்குத்தான் பயமா? பதினஞ்சு வருஷம் உனக்குக் கஞ்சி ஊத்தினேன்யா நான்!"

கத்தி முடிச்சு அங்கேயே உக்காந்துட்டா. அப்பால குரலை இறக்கி இவருகிட்ட சொன்னா.

"பத்தொம்பது ராத்திரிதான் ஐயா பாக்கி இருந்துச்சு. அதைக் கெடுத்துக்கக் கூடாதுன்னுதான் அவரு பதில் சொல்லியிருக்காரு. நீங்க அதை வெச்சே அவரைத் திருடனாக்கிட்டீங்க. நாளைக்கு நடந்தே வேலூருக்குப் போறேன். கலெக்டர் கச்சேரியில விழுந்து கேக்கறேன். அவரு வேலையிலதான் செத்தாருன்னு ஒரு காயிதம் வாங்கிட்டு, அப்பால ஆற்காட்டுக்குப் போறேன்."

தேவசகாயத்துக்கு அன்னைக்குத்தான் மனசு கேக்கல. நேரா ஸ்டேஷனுக்கு வந்தாரு. சப்இன்ஸ்பெக்டர் முன்னாடி நின்னாரு.

"எஜமான், நான் முகம் பார்க்கல. குரல்தான் கேட்டேன். மூணு ராத்திரியும். எழுதிக்கோங்க. அந்தப் பொம்பளை நாளைக்குக் கலெக்டர்கிட்ட போறா. அவ சொல்றது நெஜம்."

நல்லது செய்யறோம்னு நெனச்சுத்தான் சொன்னாரு. மனுஷன் ஒரு தடவை நெஜம் பேசப் போய், அது எங்கே போய் முடிஞ்சுது பாருங்க. சப்இன்ஸ்பெக்டர் கோபப்படல. அவரை உக்காரக்கூடச் சொன்னாரு.

"எழுதினது எழுதினதுதான். உன் பேச்சைக் கேட்டு நான் மாத்தினா, உன்னை ஏன் ஒழுங்கா மேய்க்கலேன்னு மேலே என்னைக் கேப்பாங்க. நீ வீட்டுக்குப் போவே, என்னை எங்கேயாவது மலை மேலே மாத்திடுவாங்க. அந்தப் பொம்பளை... கலெக்டர்கிட்ட போறேன்னாளா?"

ரைட்டரைக் கூப்பிட்டாரு. கேடிப் புஸ்தகத்தை எடுக்கச் சொன்னாரு. வேலு பேரு மேலே சிவப்பு மசியில கோடு அடிச்சாங்க. மூணு வருஷமா அவன் கேட்டது அந்தக் கோடுதான். அடிச்சுட்டு, அதுக்குக் கீழேயே புதுசா ஒரு பேரு எழுதினாங்க. செண்பகம், வேலு பெண்சாதி. திருட்டுச் சொத்து மறைச்சு வெச்சதாச் சந்தேகம். பொழுது சாஞ்சா ஊரை விட்டுப் போகக் கூடாது. பொம்பளையை எழுதற வழக்கம் அந்த ஸ்டேஷன்ல இல்லே. இந்த ஒருத்தியை எழுதினாங்க. வேலூருக்கு நடந்து போய்ட்டு ஒரே பகல்ல திரும்ப முடியுமா? அதான் கணக்கு.

விடிகாலைல கிளம்பினவளை வழியில மடக்கித் திருப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. அன்னைக்கு ராத்திரி பீட்டு யாருக்குன்னு நான் சொல்ல வேணாம்.

தேவசகாயம் இப்பவும் இருக்காரு. ஆம்பூர்லதான். எந்த வேலையைக் காப்பாத்திக்கணும்னு 'பார்த்தேன்'னு சொன்னாரோ, அந்த வேலையை அடுத்த நாளே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாரு. குழியிலதான் இறங்கறாரு. அவரா இந்தக் கதையை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்காரு. ஆரோக்கியசாமி என்கிட்ட சொன்னப்போ அவனுக்கே பல்லு கிட்டிக்கிச்சு... சொல்றேன், சொல்றேன். தள்ளி உக்காரு சுப்பராயா, மேலே விழாதே.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி. மழை இல்லே. நிலா இல்லே. தேவசகாயம் இந்தத் தடவை மதில் ஓரம் நிக்கல. சொல்லிக் கொடுத்தபடி ஒண்ணு விடாம செஞ்சாரு. கானாத்துல இறங்கினாரு. ஏறினாரு. வாசலுக்கு நேரா போய் நின்னாரு. லாந்தர் திரியைப் பெருசாக்கினாரு.

"செண்பகம்!"

கதவுப் படல் நகர்ந்துச்சு. அவ வெளியே வந்து வாசல்ல நின்னா. தலை முடிஞ்சு, புடவை இழுத்துப் போத்தி, நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. தேவசகாயம் லாந்தரைத் தூக்கினாரு. ஒரு சாண்... ரெண்டு சாண்... அவ முகத்துக்கு நேரா. கண்ணு தெரியுது. மூக்கு தெரியுது. வாய் தெரியுது. வாயை இறுக்கி மூடியிருக்கா. பதில் சொல்ல மாட்டேன்னு வைராக்கியமா மூடியிருக்கா. உதடு அசையல. அவரு கண்ணு எடுக்காம அந்த உதட்டையேதான் பார்த்துக்கிட்டிருக்காரு.

குடிசைக்கு உள்ளேருந்து, இருட்டுக்குள்ளேருந்து, கரகரன்னு...

"ரெண்டு பேரும் இருக்கோம் ஐயா."

தூக்கின லாந்தர் தூக்கினபடியே நிக்குது. இந்தத் தடவை அது அவளுக்கும் கேட்டுச்சு. செண்பகம் திரும்பிப் பார்க்கல. கத்தல. வாசல்ல ஒரு ஓரமா ஒதுங்கி நின்னா... உள்ளேருந்து வர்றவருக்கு வழி விட்டு.